கூண்டில் நிற்பவரைக் காட்டுங்கள்

குற்ற வழக்குகளில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு. முதல் விசாரணையில், அதாவது சாட்சியை அழைத்த தரப்பே கேள்வி கேட்கும் கட்டத்தில், அவர் சம்பவத்தைச் சொல்லி முடிக்கும் நேரத்தில் அரசு வழக்கறிஞர் அதைக் கேட்பார்: "நீங்கள் சொன்ன அந்த நபர் இப்போது இந்த நீதிமன்றத்தில் இருக்கிறாரா?" சாட்சி திரும்பிக் கையை நீட்டுவார். "ஆஜர் எதிரிதான் அந்த நபர்" என்று தட்டச்சர் அடித்துக்கொள்வார். எதிரி என்றால் நீதிமன்ற மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர். ஒருவரை ஆண்டுக்கணக்கில் சிறைக்கு அனுப்ப அந்த ஒரு வரியே போதுமானதாகிவிடலாம்.

கையை நீட்டுவதில் என்ன சிரமம் இருக்கிறது? நீதிபதி மேடையில் இருக்கிறார். கறுப்புக் கோட்டு போட்டிருப்பவர்கள் நாங்கள். காக்கியில் இருப்பவர்கள் போலீஸ். வெள்ளை உடையும் குறுக்குப் பட்டையுமாக நிற்பவர் டவாலி. இவர்கள் போக, கூண்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் ஒருவர்தான். வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத, காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த குமாஸ்தாவைக் கேட்டாலும் அவரைத்தான் காட்டுவார். சாட்சியின் விரல் நினைவைப் பின்பற்றிப் போகிறதா, கூண்டைப் பின்பற்றிப் போகிறதா என்பது நமக்குத் தெரியாது. பல நேரங்களில் சாட்சிக்கே தெரியாது.

இவ்வளவு எளிதான இந்தக் காரியத்தைத்தான் நம் சட்டம் அடிப்படைச் சாட்சியம் என்கிறது. சம்பவம் நடந்து சில வாரங்களுக்குள், சிறைக்குள், நீதித்துறை நடுவர் முன்னால், ஒரே மாதிரியான பலருக்கு நடுவில் ஒருவரை அடையாளம் காட்டும் அடையாள அணிவகுப்பு வெறும் வலுச் சேர்க்கும் சாட்சியம்தான். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் பிரிவு 9, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் பிரிவு 7. எண் மாறியது, ஏற்பாடு மாறவில்லை. அணிவகுப்பு நடத்தாமல் விட்டதாலேயே நீதிமன்றத்தில் காட்டிய அடையாளம் ஏற்கத் தகாததாகிவிடாது என்று 2003-இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே உச்ச நீதிமன்றம் 1979-இல் கேரள வழக்கொன்றில், முன்பின் தெரியாத ஒருவரை முதல் முறையாக நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவதற்கு மதிப்பே இல்லை என்று சொல்லியிருந்தது. அரசுத் தரப்பு 2003-ஐக் காட்டும், நாங்கள் 1979-ஐக் காட்டுவோம். நீதிபதிக்கு அன்றைக்கு எது சரியென்று படுகிறதோ அது தீர்ப்பில் வரும்.

மனித நினைவுக்கு நேர்மாறாக இந்த ஏற்பாட்டைக் கட்டி வைத்திருக்கிறோம். நினைவு சம்பவம் நடந்த இரவில் தெளிவாக இருக்கும், மறுநாள் கொஞ்சம் மங்கும், மூன்று ஆண்டு கழித்து அதில் பாதி மற்றவர்கள் சொன்னதாக இருக்கும். சட்டமோ கடைசியில் இருப்பதற்கு முதலிடம் கொடுக்கிறது. அடையாளம் காட்டும் நடைமுறையின் நியாயம் பற்றிப் பேசும்போதெல்லாம் அணிவகுப்பில் எத்தனை பேர் நின்றார்கள், தாடி வைத்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டுமே பேசுகிறோம். என் அனுபவத்தில் அநியாயம் அந்த வரிசையில் நடப்பது குறைவு. அதற்கு முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது.

ஒரு சங்கிலிப் பறிப்பு வழக்கு. அந்தி நேரம், தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வந்த ஒரு அம்மாவின் கழுத்திலிருந்து, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் இருந்தவனின் முகத்தை அந்த அம்மா கீழே விழுகிற வேகத்தில் பார்த்தார். சில வாரங்களில் கைது, அதன் பிறகு மத்திய சிறையில் அடையாள அணிவகுப்பு. அணிவகுப்பில் அந்த அம்மா தயங்காமல் என் கட்சிக்காரரைக் காட்டினார். நடுவரின் அறிக்கையை எத்தனை தடவை படித்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

குறுக்கு விசாரணையில் நான் அறிக்கைப் பக்கமே போகவில்லை. ஆளைப் பிடித்த செய்தி எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஸ்டேஷனிலிருந்து போன் செய்தார்கள் என்றார். சங்கிலியை அடையாளம் காட்டப் போனீர்களா அம்மா என்றேன். போனேன் என்றார். அப்போது வேறு எதையாவது காட்டினார்களா என்றேன். ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னார்: "செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டி இவன்தானே என்று கேட்டார்கள் ஐயா. அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு ஜெயிலில் பார்த்ததும் தெரிந்துவிட்டது."

அரசு வழக்கறிஞர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாவுக்கு, தான் சொன்னதில் என்ன தவறு என்று கடைசிவரை விளங்கவில்லை. போலீஸ்காரர்கள் மரியாதையாக உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, போட்டோ காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அதில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கலாம். சந்தேகத்தின் பலன் கொடுத்து எதிரியை விடுதலை செய்தார்கள். அவர்தான் சங்கிலியைப் பறித்தாரா என்றால், எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கும் இனித் தெரிய வழியில்லை. ஜெயிலில் அவருக்குத் "தெரிந்தது" தெருவில் பார்த்த முகமா, செல்போன் திரையில் பார்த்த முகமா என்று பிரித்தெடுக்க இந்த உலகத்தில் எந்த மருத்துவராலும் முடியாது. நியாயமற்ற நடைமுறையால் நஷ்டம் எதிரிக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த வழக்கைச் சொல்வேன். சங்கிலியையும் பறிகொடுத்து, யார் பறித்தது என்ற தன் சொந்த நினைவையும் பறிகொடுத்தவர் அந்த அம்மா.

இப்படிச் சொல்வதால் அணிவகுப்பைக் கேலி செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காகிதத்தில் இருக்கும் அளவில் நம் நடைமுறை நல்ல நடைமுறை. போலீசார் முன்னிலையில் அடையாளம் காட்டுவது போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்துக்குச் சமம், அதனால் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே புலன் விசாரணை அதிகாரி தலைமை நீதித்துறை நடுவருக்கு எழுதி, அவர் வேறொரு நடுவரை நியமித்து, அந்த நடுவர் சிறைக்குப் போய் நடத்துகிறார். போலீசுக்கு உள்ளே வேலை இல்லை. உலகில் பல நாடுகளில் போலீஸ் நிலையத்துக்குள் போலீசாரே நடத்திக்கொள்ளும் காரியத்தை நாம் நீதித்துறையிடம் கொடுத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் நீதிமன்றங்கள் பின்பற்றும் குற்றவியல் நடைமுறை விதிகளில் இதற்கென்று ஒரு விதி இருக்கிறது. எழுதியவர் கைதேர்ந்தவர் என்பது படித்தால் தெரியும். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் சந்தேக நபரின் வயது, உயரம், தோற்றம், சமூக நிலை ஆகியவற்றில் முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும். அவர் கண்ணில் படும்படியான உடை ஏதாவது போட்டிருந்தால், மற்றவர்களுக்கும் அதுபோல் ஏற்பாடு செய்ய வேண்டும் அல்லது அதைக் கழற்றச் சொல்ல வேண்டும். எங்கே நிற்பது என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். நிற்பவர்கள் மீது ஆட்சேபம் உண்டா என்று அவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். ஒரு சாட்சி போய் அடுத்த சாட்சி வருவதற்குள் வரிசையை மாற்றுவது நல்லது. பார்த்து முடித்த சாட்சி, காத்திருக்கும் சாட்சியிடம் பேசக் கூடாது. யாரை எதை வைத்து அடையாளம் காட்டப் போகிறீர்கள், முன்பே பழக்கம் உண்டா என்று சாட்சியை முதலிலேயே கேட்க வேண்டும். நடந்த ஒவ்வொன்றையும், ஆளைக் காட்டாமல் போனதையும் சேர்த்து, எழுத வேண்டும்.

சமூக நிலை என்ற சொல் எனக்குப் பிடித்தமானது. கூலி வேலை செய்பவரை ஆறு கல்லூரி மாணவர்களுக்கு நடுவில் நிறுத்தக் கூடாது என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது? மற்றவர்களாக நிற்பது பெரும்பாலும் அதே சிறையில் இருக்கும் விசாரணைக் கைதிகள். வார்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவார். அவர்கள் சிறைக்குள் வந்து மாதங்கள் ஆகியிருக்கும். நடையிலும் நிற்பதிலும் ஒரு பழக்கம் வந்திருக்கும். போன வாரம் வந்தவர் அவர்களுக்கு நடுவில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்பார். சில நேரங்களில் முகத்தில் காயம் ஆறியிருக்காது. சாட்சிகளைச் சிறை வாசல்வரை கொண்டுவந்து இறக்குவது எந்த வண்டி? அதே காவல் நிலையத்தின் ஜீப். ஒரு மணி நேரப் பயணத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்த அறிக்கையிலும் இல்லை.

கணக்கும் ஒன்று இருக்கிறது. ஒரு சந்தேக நபரோடு எட்டுப் பேரை நிறுத்தினால், ஒன்றுமே நினைவில்லாத சாட்சி குத்துமதிப்பாக விரலை நீட்டினாலும் அந்த ஒருவர் மாட்டிக்கொள்ள ஒன்பதில் ஒரு வாய்ப்பு. ஐந்து சந்தேக நபர்களைப் பத்துப் பேரோடு கலந்து ஒரே வரிசையில் நிறுத்தினால், ஐவரில் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்ள மூன்றில் ஒரு வாய்ப்பு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லோரையும் ஒன்றாக நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அறிக்கையில் அது ஒரு வரியில் போய்விடும்.

நம் விதியில் இல்லாத ஒன்று உண்டு, அதுதான் மிக முக்கியமானது. "குற்றம் செய்தவர் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம், யாரையும் காட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை" என்று சாட்சியிடம் சொல்ல வேண்டும். சாட்சி எதற்காக ஜெயிலுக்கு வந்திருக்கிறார்? ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று சொன்னதால் வந்திருக்கிறார். ஆகவே வரிசையில் இருப்பவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, நினைவில் இருப்பதற்கு மிக நெருக்கமானவரைத் தேடுகிறார். உண்மையான குற்றவாளி அங்கே இல்லாவிட்டாலும் நெருக்கமானவர் என்று ஒருவர் இருக்கத்தான் செய்வார். இன்னொன்று, எங்கே நிற்கிறீர்கள் என்று சந்தேக நபரிடம் கேட்பவரே நடுவர்தான், ஆகவே அவர் யார் என்பது நடுவருக்குத் தெரியும். வார்டருக்கும் தெரியும். இவர்கள் வேண்டுமென்றே சைகை காட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சாட்சியின் கண் ஒரு முகத்தில் நின்றதும் பேனாவை எடுப்பதும், தாண்டிப் போனதும் "நன்றாகப் பாருங்கள்" என்பதும் நல்ல மனிதர்களுக்கும் தன்னையறியாமல் வரும்.

அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேரி வெல்ஸ் என்ற உளவியலாளரும் எமி பிராட்ஃபீல்டும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு கடைக்குள் துப்பாக்கிக்காரன் நுழையும் வீடியோவைக் காட்டி, பிறகு அவன் இல்லாத புகைப்பட வரிசையைக் கொடுத்தார்கள். காட்டியவர்கள் எல்லோரும் தவறான ஆளையே காட்டினார்கள். அவர்களில் சிலரிடம் மட்டும், சரியான ஆளைத்தான் காட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள், காட்டும்போதே தங்களுக்கு மிகவும் உறுதியாக இருந்தது என்றார்கள். அவன் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன், கவனமாகப் பார்த்தேன் என்றார்கள். எதுவும் சொல்லப்படாதவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தது ஒரே வீடியோ.

நீதிமன்றத்தில் "உறுதியாகச் சொல்கிறேன்" என்று ஒரு சாட்சி சொன்னால் எனக்கு வயிறு கலங்குவதற்கு இதுதான் காரணம். அந்த உறுதி எப்போது பிறந்தது என்று கேட்க வேண்டும்.

ரொனால்ட் காட்டன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1984, வட கரோலினாவின் பர்லிங்டன். ஜெனிஃபர் தாம்சன் என்ற கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் ஒருவன் புகுந்து பாலியல் வன்கொடுமை செய்தான். அந்த நேரத்திலும் அவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, உயிர் பிழைத்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்று அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. புகைப்படங்களில் காட்டனைக் காட்டினார். பிறகு நேரடி வரிசையிலும் காட்டனைக் காட்டினார். இரண்டிலும் இருந்த ஒரே முகம் காட்டனுடையது. தண்டனை பெற்றுச் சிறைக்குப் போன காட்டன், உண்மையில் அதைச் செய்த பாபி பூல் என்பவனை அங்கேயே சந்தித்தார். 1987-இல் மறுவிசாரணையின்போது பூலை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவனை நான் பார்த்ததே இல்லை என்றார் தாம்சன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நினைவில் இருந்த முகம் அதற்குள் காட்டனின் முகமாக மாறியிருந்தது. 1995-இல் மரபணுச் சோதனைதான் காட்டனை வெளியே கொண்டுவந்தது. பின்னாளில் தாம்சனும் காட்டனும் நண்பர்களாகி, அடையாளம் காட்டும் நடைமுறைகளை மாற்ற வேண்டும் என்று ஒரே மேடையில் பேசினார்கள். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று தெரியவந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வழக்குகளில் தவறான அடையாளம் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

நம் ஊரில் மரபணு வைத்துப் பின்னோக்கிப் பார்க்கும் வழக்கம் இல்லை. ஆகவே நம்மிடம் எத்தனை காட்டன்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எவராலும் முடியாது.

போட்டோவுக்கு வருகிறேன். கைது செய்தவர்களைச் செய்தியாளர்கள் முன் அணிவகுக்கச் செய்யக் கூடாது, அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டியவர்களின் முகத்தை ஊடகங்களுக்குக் காட்டக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2010-லேயே மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதம் எல்லா எஸ்.பி. அலுவலகங்களிலும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். மறுநாள் காலைப் பத்திரிகையைப் பாருங்கள். மீட்ட நகையை மேசையில் பரப்பி, பின்னால் அதிகாரிகள் நின்று, ஓரத்தில் இரண்டு பேர் முழு முகத்தோடு. பத்திரிகைக்குப் போகாவிட்டால் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. இன்னொரு வழியும் இருக்கிறது: போலீஸ் காவலில் எடுத்து, பொருளை மீட்க என்று சம்பவ இடத்துக்கே அழைத்துப் போவார்கள். தெருவே கூடி நின்று பார்க்கும். அந்தத் தெருவில்தான் நம் சாட்சியும் குடியிருக்கிறார்.

இதற்குப் பிறகு அணிவகுப்புக்கு வா என்று அழைப்பு வரும். போனால் காட்டிவிடுவார்கள். போக மறுத்தால், குற்ற உணர்வு உள்ளவன் என்பதால்தான் மறுத்தான் என்று வாதிடுவார்கள். 2023-இல் டெல்லி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், அணிவகுப்பில் நிற்கச் சொல்வது தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவது ஆகாது, அரசியலமைப்பின் 20(3)-ஐக் காட்டி மறுக்க முடியாது என்று தெளிவாக்கிவிட்டது. சட்டப்படி அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கையெழுத்தும் கைரேகையும் கொடுக்கச் சொல்லலாம் என்று 1961-லேயே முடிவானதுதான். என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போய் நில்லுங்கள், ஆனால் நிற்பதற்கு முன்னால் நடுவரிடம், என் போட்டோவை இன்ன தேதியில் இன்ன இடத்தில் காட்டிவிட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆட்சேபத்தை எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது, எழுதுவார்கள். பயத்தில் பாதிப் பேர் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள்.

அணிவகுப்பே நடத்தாமல் விடுவதும் உண்டு. தமிழ்நாட்டில் நடந்த ஒரு கொலை வழக்கு, 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இரண்டாம் எதிரி பச்சை நிறக் குரங்குக் குல்லா போட்டிருந்ததாகச் சாட்சியம். சாட்சிகளுக்கு அவரை முன்பின் தெரியாது. அணிவகுப்பு நடத்தவில்லை, நேராகக் கூண்டில் காட்டினார்கள். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டன. இப்படிப்பட்ட வழக்கில் அணிவகுப்பு நடத்தாதது பெரிய ஓட்டை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. குல்லாய்க்குள் இருந்த முகத்தை ஆண்டுகள் கழித்து அடையாளம் காட்ட முடியுமா என்பது சட்டம் படிக்காதவருக்கும் தோன்ற வேண்டிய கேள்வி. அது டெல்லிவரை போக வேண்டியிருந்தது.

இதே தவறை இங்கிலாந்து 1973-இல் செய்தது. லூக் டௌர்ட்டி என்பவர் ஒரு கடையில் திரைச்சீலை திருடியதாகக் குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் அவர் பஸ் நிறைய ஆட்களோடு விட்லி பே என்ற கடற்கரை ஊருக்குச் சுற்றுலா போயிருந்தார். கடை ஊழியர்களுக்குப் போலீஸ் முதலில் புகைப்படம் காட்டியது. பிறகு அவர்கள் நீதிமன்றத்தில் கூண்டில் நின்றவரைக் காட்டினார்கள். அவர் சிறைக்குப் போனார். இதுவும் இன்னொரு வழக்குமாகச் சேர்ந்து லார்ட் டெவ்லின் தலைமையில் ஒரு குழு அமைய, 1976-இல் அறிக்கை வந்தது. இன்று அங்கே விதி என்ன தெரியுமா? ஆளைப் பிடிப்பதற்கு முன்பு சாட்சி முதன்முதலாகச் சொன்ன அங்க அடையாளத்தை அப்படியே எழுதி வைக்க வேண்டும், அதன் நகலை எதிரித் தரப்புக்குக் கொடுக்க வேண்டும். விசாரணையோடு தொடர்பில்லாத அதிகாரிதான் நடத்த வேண்டும். பெரும்பாலும் வீடியோவில் முகங்களைக் காட்டுகிறார்கள். சந்தேக நபரைத் தவிர குறைந்தது எட்டுப் பேர். எதிரியின் வழக்கறிஞர் அந்த முகங்களை முன்கூட்டியே பார்த்து ஆட்சேபிக்கலாம். முதல் விதி ஒன்றை மட்டும் இங்கே நேர்மையாகப் பின்பற்றினால் போதும், என் பாதி வழக்குகளுக்கு வேலை இருக்காது. நம் முதல் தகவல் அறிக்கைகளில் "அடையாளம் தெரியாத இரு நபர்கள், சுமார் 25 வயது, பார்த்தால் அடையாளம் காட்டுவேன்" என்பதே தேய்ந்த அச்சு. ஒல்லியா, குட்டையா, மீசை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு எழுதிவிட்டால் பிறகு பிடிப்பவர் அதற்குப் பொருந்த வேண்டுமே.

யார் அந்த வரிசைக்குள் கொண்டுவரப்படுகிறார்கள் என்பது தனிக் கதை. வேறு சாட்சியம் ஏதாவது கிடைத்து அதன் பேரில் ஒருவரைப் பிடித்து நிறுத்தினால் அணிவகுப்பு அதைச் சோதிக்கிறது. ஸ்டேஷனில் இருக்கும் பழைய குற்றவாளிகள் ஆல்பத்திலிருந்து ஒருவரை எடுத்து நிறுத்தினால், அணிவகுப்பு வெறும் சீட்டுக் குலுக்கல். தமிழ்நாட்டில் திருட்டு வழக்கு துப்புத் துலங்காவிட்டால் குறவர் குடியிருப்புக்கு ஜீப் போவது இன்றும் நின்றபாடில்லை. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்ததும், அதை ரேகைச் சட்டம் என்று சொல்லி எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்ததும் பழைய கதை. சட்டம் ஒழிந்தாலும் ஆல்பம் ஒழியவில்லை. 2022-இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் கைரேகை, புகைப்படம், கண்ணின் கருவிழி வரை எடுத்து 75 ஆண்டு வைத்திருக்க அனுமதிக்கிறது. கணினியில் முகம் ஒப்பிடும் முறையும் வந்துவிட்டது; 80 சதவீதம் ஒத்துப்போனால் பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி போலீசே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்திருக்கிறது. கணினி கொடுத்த முகத்தைச் சாட்சியிடம் காட்டி, சாட்சி ஆமாம் என்று சொல்லி, பிறகு அதே முகத்தை அணிவகுப்பில் நிறுத்தினால், ஒரே தவறு மூன்று சாட்சியமாக எழுந்து நிற்கும்.

ஈழத்திலிருந்து வந்த பெரியவர்கள் இதையெல்லாம் கேட்டால் சிரிப்பார்கள். இராணுவச் சுற்றிவளைப்பின்போது ஊரை எல்லாம் கோயில் வீதிக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ கொண்டுவந்து, முகமூடி போட்ட ஒருவரின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். அவரைத் தலையாட்டி என்பார்கள். தலை அசைந்தால் வாகனத்தில் ஏற்றிவிடுவார்கள். யார் அசைத்தது, எதைப் பார்த்தது, ஏன் அசைத்தது என்று கேட்க இடமே இல்லை; அவரையே அடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கலாம். அடையாளம் காட்டுதலில் ஒரு விதியும் இல்லாவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். சாட்சியின் முகம் தெரிய வேண்டும், அவரிடம் கேள்வி கேட்க முடிய வேண்டும், நடந்தது எழுத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்றும் நமக்கு இருக்கின்றன. ஆனால் செல்போன் திரையில் போட்டோவைக் காட்டி "இவன்தானே" என்று கேட்கும் அறையில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒரு சின்ன வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 54, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54-ஏ. அடையாளம் காட்டுபவர் உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர் என்றால் நடுவர் மேற்பார்வையில் நடத்த வேண்டும், ஒலி-ஒளிப் பதிவும் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. மற்றவர்களுக்குப் பதிவு செய்யக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. சோதனைக்கும் பறிமுதலுக்கும் வீடியோ கட்டாயம் என்று அதே சட்டம் வேறிடத்தில் சொல்லும்போது, அணிவகுப்புக்கு மட்டும் என்ன தடை? சாட்சி எவ்வளவு நேரம் தயங்கினார், முதலில் எந்த முகத்தில் நின்றார், என்ன சொல்லிக்கொண்டு காட்டினார் என்பதெல்லாம் நீதிபதிக்குத் தெரிய வேண்டாமா? "தயக்கமின்றி அடையாளம் காட்டினார்" என்ற தட்டச்சு வரியை வைத்துக்கொண்டு நான் யாரைக் குறுக்கு விசாரணை செய்வது?

அண்மையில் ஒரு வழக்கில் ரிமாண்டின்போதே ஒரு மனு போட்டேன். அணிவகுப்பு முடியும்வரை கட்சிக்காரரின் முகத்தை மூடியே கொண்டுவர வேண்டும், அவருடைய போட்டோவை இதுவரை யாரிடமாவது காட்டியிருந்தால் புலன் விசாரணை அதிகாரி அதை எழுத்தில் சொல்ல வேண்டும், அணிவகுப்பை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று மூன்று வேண்டுகோள். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று குறிப்பிடவில்லை என எழுதி அலுவலகம் மனுவைத் திருப்பிவிட்டது. பிரிவு 54-ஐ எழுதி, உள்துறை அமைச்சகத்தின் 2010 கடித நகலையும் இணைத்து மறுபடி தாக்கல் செய்தேன். முதல் வேண்டுகோளுக்கு அன்றைக்கே உத்தரவு கிடைத்தது. தலையில் துண்டைப் போட்டுத்தான் வேனில் ஏற்றினார்கள். மற்ற இரண்டுக்கும் காவல் துறையின் பதிலுரைக்காக வாய்தா போட்டிருக்கிறார்கள். வாய்தாவுக்கு முன்னால் அணிவகுப்பு நடந்துவிடுமா என்று தினமும் சிறையில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.